மழுங்கிய முனையின் மினுக்கு

பினாங்கின் லோரோங் கூலிட் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்வருவது என் பழக்கம். சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, பழைய கைக்கடிகாரம், ஓடாத ரேடியோ, பித்தளை விளக்கு, தூண்டில் சக்கரம் என்று எதையும் வைத்து விற்பார்கள். நான் வாங்குவது குறைவு, பார்ப்பதுதான் அதிகம். போன மாதம் ஒரு மலாய்ப் பெரியவரின் விரிப்பில் ஒரு கெட்டிப்பால் டின் இருந்தது. உள்ளே நிறைய லேத் டூல்கள். டின்னைத் தூக்கியதுமே மூக்கில் ஏறியது அந்த வாசம். கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் வருஷக்கணக்கில் காய்ந்து, துருவோடு சேர்ந்து கிளப்பும் வாசம். என் சட்டையில், தலைமுடியில், சோற்றுப் பாத்திரத்தில்கூட ஒரு காலத்தில் இருந்த வாசம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், துணி மடிக்கும்போது என் மனைவி சொல்லித்தான் அது போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

டின்னிலிருந்து ஒன்றை எடுத்தேன். அரை அங்குலச் சதுரக் கட்டை, ஹைஸ்பீட் ஸ்டீல். ஒரு நுனியைக் கையால் சாணை பிடித்து வைத்திருந்தார் யாரோ ஒருவர். பெரியவர் "லீமா ரிங்கிட்" என்றார். பேரம் பேசவில்லை. ஐந்து வெள்ளியைக் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை கட்டைவிரல் அதன் முனையைத் தடவிக்கொண்டே இருந்தது.

என்னைப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் என் சித்தப்பா. சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில், ரப்பர் ஷீட் பிழியும் உருளைகளைச் சரிபார்க்கும் வேலை கற்றவர். தோட்டத் துண்டாடல் காலத்தில் அந்தத் தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட, குடும்பத்தோடு பட்டர்வொர்த் வந்து சேர்ந்தார். பட்டறையில் என்னைச் சேர்த்தபோது எனக்குப் பதினேழு வயது. பினாங்குப் பாலம் இன்னும் கட்டவில்லை. அது 1985-இல்தான் வந்தது. காலை ஆறு மணிக்கு பெரிப் படகில் ஏறினால் அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுன், கொடிமலை மேல் மேகம், கையில் நாசி லெமாக் பொட்டலம். பெரியில் அப்போது தீவுக்குப் போகும்போதுதான் காசு, திரும்பி வரும்போது கிடையாது. "வேலைக்குப் போறவன்கிட்ட வாங்கிட்டு, களைச்சு வர்றவன சும்மா விட்டுடுறான், நல்ல மனசு" என்பார் சித்தப்பா. அதை முழுமனதோடுதான் சொல்வார்.

பட்டறை ஜெலுத்தோங்கில் இருந்தது. முதலாளி ஒரு சீனத் தவுக்கே. முன்பு படகு எஞ்சின்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்த இடம் அது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கி, இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ் என்று வெளிநாட்டு ஆலைகள் வரிசையாக வந்த பிறகு, பட்டறையின் வேலையே மாறிப்போனது. சிப்புகளுக்கு மரவட்டை மாதிரிக் கால்கள் இருக்கும் அல்லவா? அந்தக் கால்களை வெட்டவும் வளைக்கவும் டை என்ற எஃகு அச்சு வேண்டும். ஆரம்பத்தில் டை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் வெட்டும் பாகமான பஞ்ச் ஒன்று உடைந்தால், மாற்று வரும்வரை ஒரு லைனே நிற்கும். "அப்படியே ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று உடைந்த துண்டோடு ஆலைக்காரர்கள் ஜெலுத்தோங், சுங்கை பினாங்குப் பட்டறைகளின் வாசலுக்கு வந்தார்கள். பினாங்கின் பிரசிஷன் தொழில் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் ஒரு பங்கு அந்த உடைந்த துண்டுகளிலிருந்து முளைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

வெட்டப்படும் தகடு கால் மில்லிமீட்டர்தான். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி, பக்கத்துக்குப் பக்கம், தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த டை லட்சக்கணக்கான தடவை அடிக்க வேண்டும். அதனால் எஸ்கேடி 11 என்று ஜப்பானியர்கள் பெயர் வைத்த எஃகு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி, பன்னிரண்டு பங்கு குரோமியம். சூளைக்குப் போய் ஹார்டன் ஆகித் திரும்பினால் ராக்வெல் கடின அளவில் 60 காட்டும். அரம் போட்டால் அரம்தான் வழுக்கும். சாதா டூலை அதன் மேல் வைத்தால் முனை அந்த நொடியே போய்விடும். எனவே ஹார்டன் போடும் முன்பே கடைந்து, கொஞ்சம் மிச்சம் விட்டு, ஹார்டன் ஆனபின் அந்த மிச்சத்தைக் கிரைண்டிங்கில் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். ஒரு துண்டுக்கு அரை நாள் போகும்.

முதல் மூன்று மாதம் எனக்கு லேத்தைத் தொட அனுமதி இல்லை. சீவல் கூட்டுவதுதான் வேலை. கூட்டும்போதே சீவலின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார் சித்தப்பா. வைக்கோல் நிறமா, பழுப்பா, ஊதாவா, நீலமா? நிறம் ஏற ஏறச் சூடு ஏறியிருக்கிறது என்று பொருள். காலையில் வைக்கோல் நிறத்தில் வந்த சீவல், வேகத்தையும், டூல் ஒரு சுற்றுக்கு நகரும் தூரமான ஃபீட்டையும் யாரும் தொடாமலே மத்தியானம் நீலமானால், முனை தேய்ந்துவிட்டது. மெஷின் பக்கம் போகாமலே, விளக்குமாற்றோடு நின்று இதைச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பிறகு சாணைக்கல். ஹைஸ்பீட் ஸ்டீலுக்குச் சாம்பல் நிறக் கல், கார்பைடு டூலுக்குப் பச்சைக் கல். மாற்றிப் போட்டால் கல்லும் போகும், டூலும் போகும். பொறியைப் பார்த்தே இரும்பின் ஜாதியைச் சொல்ல வேண்டும். கரி இரும்பு மத்தாப்பு போலப் பூக்கும், ஹைஸ்பீட் மங்கிய சிவப்பில் கோடு கோடாக விழும். கார்பைடைச் சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். நான் ஒருமுறை முக்கிவிட்டேன். சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. அந்த டூலை என் காதருகே வைத்தார். 'டிக்… டிக்…' என்று உள்ளே விரிசல் ஓடும் சத்தம். அதற்குப் பிறகு எனக்கு அந்த விஷயத்தை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

சாணை பிடித்து, எண்ணெய்க்கல்லில் நாலு இழுப்பு இழுத்தபின், முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் பாரமே இல்லாமல் வைத்து நகர்த்துவார். நகத்தைக் கவ்வினால் கூர். வழுக்கினால் திரும்பவும் கல்லுக்கு. கடைந்து முடித்த பரப்பையும் அதே நகத்தால்தான் பார்ப்பார். டூல் போன திசைக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு. பட்டறையில் மேஜை மேல் ஒரு ஒப்பீட்டுத் தகடு இருந்தது. 0.4, 0.8, 1.6, 3.2 என்று மைக்ரான் கணக்கில் சொரசொரப்பு செதுக்கியது. அவர் நகத்தால் சொன்னதை நான் தகட்டோடு ஒத்துப் பார்ப்பேன். 0.8-க்கும் 1.6-க்கும் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. 0.4-க்குக் கீழே போனால் நகமும் ஏமாறும் என்று அவரே சொல்வார்.

"அவசரத்துல ஃபீட்டை ரெண்டு மடங்கு போட்டா நாலு மடங்கு நாறும்டா" என்பது அவர் வாக்கு. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை விட்டவர் அவர். பல வருஷம் கழித்து, 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் நான் மாலை வகுப்புக்குப் போனபோது, ஆசிரியர் பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். பரப்பில் விழும் மேட்டின் உயரம், ஃபீட்டின் வர்க்கத்தை முனையின் வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். முனை ஆரம் 0.8 மில்லிமீட்டர், ஃபீட் 0.2 என்றால் மேடு ஆறு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். ஃபீட்டை 0.1 ஆக்கினால் ஒன்றரை மைக்ரான். நாலில் ஒரு பங்கு! பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சித்தப்பாவின் வாக்கு.

அதே வகுப்பில்தான் டெய்லர் என்ற அமெரிக்கரைப் பற்றியும் கேள்விப்பட்டேன். 26 ஆண்டுகள் இரும்பு வெட்டியே சோதனை செய்து, எட்டு லட்சம் பவுண்டு இரும்பைச் சீவலாக்கி, 1906-இல் முடிவுகளை வெளியிட்டவர். வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் அவர் கண்ட கணக்கின்படி, ஹைஸ்பீட் டூலில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். இதைக் கேட்டு வந்து பெரியில் சித்தப்பாவிடம் சொன்னேன். "எட்டு லட்சம் பவுண்டா?" என்று மட்டும் கேட்டார். கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அந்தச் சீவலெல்லாம் யாரு கூட்டுனாங்களோ" என்றார்.

சரஸ்வதி பூஜையன்று பட்டறை அரை நாள் ஓடாது. தவுக்கேயின் தோப்பெக்கோங் சாமி மாடத்தில் ஊதுவத்தி புகையும், லேத்தின் ஹெட்டில் நாங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒரே கூரையின் கீழ். சாணை பிடித்த டூல்களை வாழை இலையில் வரிசையாக வைத்து, பொரி கடலையோடு படைப்போம். தவுக்கே வந்து கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு சிவப்பு உறை கொடுப்பார். மறுநாள் காலை வரை இலையிலிருந்து டூலை எடுக்கக் கூடாது. எவ்வளவு அவசர ஆர்டர் இருந்தாலும் தவுக்கே அதை மீறச் சொன்னதே இல்லை. இன்றைய ஆலைகளில் அப்படி மெஷினை நிறுத்த இடமில்லை. இப்போது டூல் நுனியில் மாட்டும் இன்செர்டுக்குச் சந்தனம் வைப்பதும் கஷ்டம், விரல்நுனி அளவுதானே இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

ஒருநாள் விற்பனைக்காரர் ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு இன்செர்ட். அதன் ஒரு மூலையில் மட்டும், அரிசி நுனி போல, கறுப்பாக ஒரு துளி ஒட்டியிருந்தது. சி.பி.என். போரானையும் நைட்ரஜனையும் பேரழுத்தத்தில் சேர்த்துச் செய்த பொருள். 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வென்டார்ஃப் என்ற விஞ்ஞானி முதலில் செய்தது. உலகிலேயே வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் என்று எங்களுக்கு அப்போது சொல்லப்பட்டது. வைரத்தையே வைத்து எஃகை வெட்டலாமே என்றால், வைரம் கரி. சூட்டில் இரும்பு அதைத் தின்றுவிடும். சி.பி.என்-ஐ இரும்பு அப்படித் தின்னாது. ஹார்டன் ஆன எஃகையே நேராக லேத்தில் கடையலாம், கிரைண்டிங் வேண்டாம் என்றார் விற்பனைக்காரர். யாரும் நம்பவில்லை.

போட்டுப் பார்த்தோம். கூலண்ட் கிடையாது, காய்ந்த வெட்டு. முனை தொட்டதும் சீவல் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று பறந்தது. பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். லேத் நின்றதும் துண்டைத் தொட்டேன். சுடவில்லை! சூட்டையெல்லாம் சீவலே வாரிக்கொண்டு போயிருந்தது. பரப்பில் முகம் தெரிந்தது. தவுக்கே "அடா பாகுஸ்!" என்று தொடையில் தட்டினார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பளபளன்னு இருக்குன்னு சந்தோஷப்படாதடா. எதனால பளபளக்குதுன்னு பாரு."

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

சில மாதங்களில் நாற்பது வழிகாட்டித் தூண்களுக்கு ஆர்டர் வந்தது. டையின் மேல்பாதி இவற்றைப் பிடித்துத்தான் ஏறி இறங்கும். அவசரம். சி.பி.என். விலையோ கையைக் கடித்தது. ஒரு முனை பதினைந்து துண்டு வரை ஒழுங்காக வெட்டும் என்று பழக்கத்தில் தெரியும். பதினைந்து ஆனதும் மாற்றவில்லை. பரப்பு நன்றாகவே இருந்தது, சொல்லப்போனால் துண்டுக்குத் துண்டு மினுக்கு கூடிக்கொண்டே போனது. முனை தேய்வதால் விட்டம் இரண்டு மூன்று மைக்ரான் ஏறியதை டயலைத் திருப்பிச் சரிக்கட்டிக்கொண்டேன். வெட்டும் சத்தம் பட்டுத்துணி கிழிப்பது போல இருந்தது. இருபத்தைந்துக்கு மேல் அதில் மெல்லிய ஒரு சிணுங்கல் சேர்ந்தது. சித்தப்பா அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார்.

"முனைய மாத்தினியா?"

"மாத்திட்டேன் சித்தப்பா."

என் முகத்தைப் பார்த்தார். போய்விட்டார். அந்தச் சிணுங்கல் அவருக்குக் கேட்டிருந்தது என்பது எனக்கும் தெரியும்.

சில வாரங்களில் தூண்கள் திரும்பி வந்தன. பாம்புச் சட்டை போல மேல்தோல் பொரிந்து, தூணைச் சுற்றி நகரும் புஷ்ஷோடு இறுகிக்கொண்டு, ஒரு டையையே பாழாக்கியிருந்தன. ஆர்டர் கொடுத்த ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். என்னைவிட வயதில் சின்னவன். "வாங்கண்ணே, வந்து பாருங்க" என்று நுண்ணோக்கியில் உட்காரவைத்தான். தூணைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தால் துடைத்திருந்தான். எஃகு முழுக்கச் சாம்பல் நிறம். விளிம்பில் மட்டும் சில மைக்ரான் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு நாடா, தேங்காய் ஓட்டை ஒட்டிய பருப்பு போல. அதற்கு உள்ளே கறுத்த ஒரு பட்டை.

மழுங்கிய முனை வெட்டாமல் தேய்த்திருக்கிறது. தேய்த்த சூட்டில் மேல்தோல் மட்டும் ஒரு நொடிக்குள் பழுத்து, பின்னால் இருந்த குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உடனே உறிஞ்ச, பதம் பார்க்காமல் இரண்டாம் முறை ஹார்டன் ஆகிவிட்டது. கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே நொறுங்கும். உள்பட்டையோ சூட்டில் இளகிப்போனது. கெட்டியான தோலுக்குக் கீழே இளகிய சதை. பாரம் ஏறியதும் தோல் உரிந்தது. மினுக்கு கூடக் கூட நான் மகிழ்ந்தேனே, அந்த மினுக்குதான் இது. நல்ல கூர்முனையும் பளபளப்பைத் தரும், செத்த முனையும் தரும். நகத்துக்கு இரண்டும் வழுவழுதான்.

நஷ்டத்தைத் தவுக்கே ஏற்றார். "பெலான்-பெலான்லா", மெதுவாய் மெதுவாய், என்று மட்டும் சொன்னார். அன்று மாலை பெரியில் சித்தப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பட்டர்வொர்த் விளக்குகள் கிட்டே வரும்வரை பேச்சில்லை. படகு கரை தட்டும்போது, "முனைய மாத்த மறக்கிறது தொழில்ல நடக்கும்" என்றார். அவ்வளவுதான். மாற்றிவிட்டேன் என்று நான் சொன்னதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு உயிரோடிருந்த பதினோரு வருஷத்திலும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் மகள் இப்போது பாயான் லெப்பாஸில், மருத்துவக் கருவிகளின் பாகம் செய்யும் ஆலையில் சி.என்.சி. புரோகிராம் எழுதுகிறாள். குடும்பத்தினர் வரலாம் என்று ஒருநாள் வைத்தபோது கூட்டிப்போனாள். தரை நம் வீட்டுச் சமையலறையைவிடச் சுத்தம். சீவல் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பட்டை அதை அள்ளிப்போகிறது. இத்தனை துண்டு ஆனதும் முனையை மாற்று என்று மெஷினுக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு வந்ததும் கை போல ஒன்று நீண்டு பழையதை வைத்துப் புதியதை எடுக்கிறது. மாற்றினாயா என்று கேட்க ஆளில்லை, மாற்றிவிட்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. ஓரத்தில் ஒரு வாளி நிறையத் தேய்ந்த இன்செர்டுகள். கிலோக் கணக்கில் போடுவார்களாம், பிரித்து மறுபடி கார்பைடு செய்ய. குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னும் எட்டுப் பத்துத் துண்டு தாங்கும் போலிருந்தது.

"அப்பா, தாங்கும்தான். ஆனா தாங்காத ஒரு துண்டு ஒருத்தர் உடம்புக்குள்ள போகும்" என்றாள் மகள்.

இன்செர்டை வாளியில் திரும்பப் போட்டேன்.

சந்தையில் வாங்கிய டூலைச் சாப்பாட்டு மேஜையில், விளக்கடியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். முகர்ந்தால் எண்ணெய் வாசம் இன்னும் விடவில்லை. பிடித்தவர் அனுபவசாலி. பக்கவாட்டுச் சரிவு ஒரே வீச்சில் விழுந்திருக்கிறது, தயங்கித் தயங்கிப் பிடித்த பட்டைகள் இல்லை. மேல்முகத்தில் சரிவே கொடுக்காமல் தட்டையாக விட்டிருக்கிறார். பித்தளைக்கு அப்படித்தான் பிடிப்போம், இல்லாவிட்டால் டூல் பித்தளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். படகுக்கோ குழாய்க்கோ பித்தளை கடைந்தவராக இருக்கலாம். முனைக்குக் கீழே, பக்கமுகத்தில், வெட்டுவாய் நெடுகப் பளிச்சென்று ஒரு கோடு. தேய்மானப் பட்டை. அளந்தேன். 0.3 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு.

சர்வதேசத் தரநூலில் டூலின் ஆயுள் முடிந்தது என்பதற்குப் போட்டிருக்கும் எல்லை அந்த 0.3. தரநூலை அவர் பார்த்திருக்க மாட்டார். சீவலின் நிறமோ, சத்தமோ, கைப்பிடியில் ஏறிய ஒரு சின்ன முரண்டோ சொல்லியிருக்கும். எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, கழற்றி, துடைத்து, டின்னில் போட்டிருக்கிறார். நாளைக் காலையில் சாணை பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

என் வீட்டில் சாணைக்கல் இல்லை. சித்தப்பாவின் எண்ணெய்க்கல் இருக்கிறது, நடுவில் குழிந்து, படகு போல. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். பட்டையின் பளிச்சு மறையும்வரை இழுத்தேன். நாற்பது இழுப்பு இருக்கும். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல், பாரமே இல்லாமல் வைத்தேன்.

கவ்வியது.